சகலை நின்ற பெட்டி

லென்ஸ்காரருக்குச் சகலையைப் பிடிக்காது. ஏன் என்று கேட்டால் காரணம் சொல்ல மாட்டார். சொன்னால் மானம் போய்விடும். சகலை குடிப்பதில்லை, கோள் சொல்வதில்லை, யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்கே பார்த்தாலும் "வாங்க சகலை, வாங்க" என்று வாய் நிறையக் கூப்பிடுகிற மனுஷன். அப்படிப்பட்ட ஒருவரை வெறுப்பது எவ்வளவு சிரமமான வேலை என்பது அதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். லென்ஸ்காரர் அதை மூன்று வருஷமாக விடாமல் செய்துவந்தார்.

அவருக்குப் பிழைப்பு ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில். வட்டமாக வரும் லென்ஸைச் சக்கரத்தில் வைத்து, தண்ணீர் சொட்டச் சொட்டத் தேய்த்து, ஃபிரேமுக்குள் உட்காருகிற அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு மயிரிழை அதிகமாகத் தேய்த்துவிட்டால் லென்ஸ் குப்பைக்குத்தான். முப்பது வருஷம் இதையே செய்ததில் அவருடைய நகக்கண்களில் வெள்ளை மாவு நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. கண்ணாடியில் கீறல் இருந்தால் மற்றவர்கள் விளக்கில் காட்டித் தேடுவார்கள். அவர் சும்மா ஒரு சாய் சாய்த்துப் பார்த்துவிட்டு "இருக்கு" என்பார், இருக்கும்.

அந்தக் கண்தான் இசைத்தட்டு வேட்டையிலும் அவரைத் தூக்கி நிறுத்தியது. பழைய தட்டுகள் விற்கிற கடைகளில் அவருக்கென்று ஒரு மரியாதை உண்டு. உறையிலிருந்து தட்டை உருவி, விளிம்பை மட்டும் இரண்டு உள்ளங்கைகளால் பிடித்து, வெளிச்சத்துக்கு எதிரே லேசாகச் சாய்ப்பார். அவ்வளவுதான். "இரண்டாவது பாட்டுல குதிக்கும்" என்று சொல்லிக் கீழே வைத்துவிடுவார். வீட்டில் ஆயிரத்து நூறு தட்டுகள் வைத்திருந்தார். ஆனால் அந்த ஆயிரத்து நூறும் சும்மா வந்து சேர்ந்தவை. அவர் உயிராகத் தேடியது ஒரே ஒரு தட்டை.

கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டில் அதை ஒரே ஒரு முறை கேட்டிருந்தார். கையளவு சின்னத் தட்டு, நீல லேபிள். அவர் மனைவி படித்த பெண்கள் பள்ளிக்கூடம் ஏதோ ஆண்டு விழாவுக்காகப் பதிவு செய்து, பெற்றோர்களுக்கு மட்டும் கொடுத்தது. நாற்பது பெண்கள் சேர்ந்து பாடுகிறார்கள். நடுவில் எல்லாரும் சட்டென்று நிறுத்த, ஒரே ஒரு பெண் மட்டும் இரண்டு வரி பாடுகிறாள். அந்த இரண்டு வரியில் புது மாப்பிள்ளை உட்கார்ந்த இடத்திலேயே கரைந்துபோனார். மாமனார் மீசையைத் தடவிக்கொண்டு "எங்க வீட்டுப் பொண்ணாக்கும்!" என்றார். மாப்பிள்ளை திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்த வருஷமே மாமனார் வீடு மாறும்போது மழையில் ஒரு பெட்டி ஊறிப்போய்விட்டது, தட்டும் போச்சு. அன்றைக்கு ஆரம்பித்த தேடல். மனைவியைப் பாடச் சொல்லிக் கேட்டால் "தொண்டை சரியில்லைங்க" என்பாள். இருபத்தாறு வருஷமாக அந்தத் தொண்டை சரியாகவில்லை. எப்படியாவது அந்தத் தட்டைக் கண்டுபிடித்து அவள் கையில் வைக்க வேண்டும், அவளுடைய குரலை அவளுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. இதை வெளியில் யாரிடமும் அவர் மூச்சு விட்டதில்லை. தேடுகிற தட்டின் பெயரை வாய் விட்டுச் சொல்லக் கூடாது என்பது வேட்டைக்காரர்களிடையே சட்டம். சொன்னால் அடுத்தவன் முந்திக்கொள்வான்.

இந்த நிலையில்தான் சகலை வந்து சேர்ந்தார். மனைவியின் தங்கை புருஷன், லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் பஸ் வரவில்லை என்று லென்ஸ்காரரைத் தன் வேனில் கொண்டுபோய் ரெக்கார்டு கடையில் இறக்கிவிட்டார். இறக்கிவிட்டுப் போயிருக்கலாம் இல்லையா? போகவில்லை. பொழுது போகாமல் பக்கத்துப் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு தட்டை உருவி, "சகலை, இதுல படம் நல்லா இருக்கில்ல?" என்று கேட்டார். நீலத் தட்டுக்கு அடுத்தபடியாக லென்ஸ்காரர் பதினோரு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த தட்டு அது.

அதை வாங்கிக்கொண்டுபோய்க் கேட்டிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். சகலை அதைக் கண்ணாடி ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டினார். அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் லென்ஸ்காரர் அந்தச் சுவருக்கு முதுகு காட்டித்தான் உட்காருவார்.

அதோடு விட்டதா? சகலைக்கு இந்தப் பொழுதுபோக்கு பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூடவே வந்தார். தாளம் எது, ராகம் எது என்று தெரியாது. எந்தப் பக்கம் முதல் பக்கம் என்றுகூடத் தெரியாது. ஆனால் கையை விட்டால் நல்லதாக வரும். மற்ற வேட்டைக்காரர்கள் அவரைச் சூழ்ந்து நின்று "உங்க கை ராசியான கைங்க" என்றார்கள். லென்ஸ்காரருக்கு வயிறு பற்றி எரிந்தது. போதாக்குறைக்கு அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்குச் சகலை ஒரு தட்டைப் பரிசாகக் கொண்டுவந்தார், ராணுவ பேண்டு வாத்தியம். "பார்த்ததும் உங்களுக்குன்னு தோணிச்சு, சகலை" என்றார். லென்ஸ்காரர் பல்லைக் காட்டிச் சிரித்து வாங்கி, அலமாரியின் அடித்தட்டில் சுவரோரமாகச் சொருகியவர்தான், அதற்கப்புறம் அதன் முகத்தில் விழிக்கவில்லை.

அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. கடைக்காரர் எழுதி ஒட்டவில்லை, ஆனாலும் எல்லாருக்கும் தெரியும். பெட்டி முன்னால் நிற்பவருக்குத்தான் பெட்டி. ஒருவர் ஒரு பெட்டியைத் துழாவிக்கொண்டிருந்தால், அவர் நகர்கிறவரை அதிலிருக்கும் எல்லாம் அவருடையது; அடையாளம் வைத்துவிட்டுப் போனால் திரும்பி வருகிறவரையும் அப்படித்தான். பக்கத்தில் நிற்பவர் கண்ணால் பார்க்கலாம், கையை நீட்டக் கூடாது. இந்தச் சட்டத்தைச் சகலைக்குச் சொல்லிக் கொடுத்ததே லென்ஸ்காரர்தான், அதுவும் கொஞ்சம் அதட்டலாக.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருவரும் அக்கம்பக்கமாக நின்றார்கள். புதிதாக இரண்டு பெட்டிகள் வந்திருந்தன. சகலை இடது பெட்டி, லென்ஸ்காரர் வலது பெட்டி. சகலை பாதி துழாவியிருக்கும்போது போன் அடித்தது. எங்கேயோ லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறாராம். "இருங்க சகலை, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, தான் நிறுத்திய இடத்தில் அடையாளத்துக்கு ஒரு தட்டைக் குறுக்காக நிமிர்த்தி வைத்துவிட்டு, போனிலேயே ஆட்களுக்கு வழி சொல்ல வெளியே போனார்.

அந்தக் குறுக்குத் தட்டுக்கு அடுத்ததாக நீலமாக ஒரு விளிம்பு தெரிந்தது.

லென்ஸ்காரர் திரும்பிப் பார்த்தார். கடைக்காரர் கல்லாவில் குனிந்திருந்தார். சட்டமாவது ஒன்றாவது, உருவினார். அதேதான்! அதே நீல லேபிள், அதே பள்ளிக்கூடத்தின் பெயர். பழக்கதோஷத்தில் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார், ஒரு கீறல் இல்லை. லேபிளில் கீழே பொடி எழுத்தில் என்ன போட்டிருந்தது என்று படிக்க அவருக்கு நேரமும் இல்லை, தோன்றவும் இல்லை. வேட்டைக்காரன் புத்தி அப்படி, கீறலைத்தான் முதலில் பார்க்கும்.

வாசலில் சகலையின் செருப்புச் சத்தம் கேட்டது. கல்லாவுக்குக் கொண்டுபோனால் சகலை கண்ணில் படும். "அட, நம்ம வீட்டுப் பொண்ணுங்க படிச்ச பள்ளிக்கூடம்! இது என் பெட்டியில இல்ல இருந்துச்சு?" என்று அப்பாவியாகக் கேட்பார். அத்தோடு முடிந்தது கதை, அதையும் ஃபிரேம் போட்டு மாட்டிவிடுவார். லென்ஸ்காரர் நாலு எட்டு வைத்து, கடையின் மூலையிலிருந்த மொழிப் பாடத் தட்டுகளின் பெட்டிக்குள் அதைத் திணித்தார். முப்பது நாளில் அந்நிய மொழி கற்றுக்கொடுக்கிற தட்டுகள். அந்தப் பெட்டியை யாரும் திறந்து பார்த்து வருஷக்கணக்காகிறது. உடனே எடுக்க முடியாததை அங்கே ஒளித்து வைத்துவிட்டு மறுநாள் வந்து எடுப்பது அவருடைய பழைய தந்திரம். வீட்டில் மனைவியிடம் அதைப் பெருமையாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

கடை மூடுகிற நேரமாகிவிட்டது. சகலைதான் வேனில் கொண்டுவந்து வீட்டில் விட்டார். வழியெல்லாம் லிஃப்டில் மாட்டியவரைப் பற்றியே பேசினார். லென்ஸ்காரர் காதில் ஒரு வார்த்தை விழவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அவரால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"நாளைக்கு உனக்கு ஒண்ணு வருது. இருபத்தாறு வருஷமாத் தேடினது. பத்திரமா ஒளிச்சு வச்சுட்டு வந்திருக்கேன்" என்றார்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "எதுங்க?" என்றாள்.

"நீலக் கலர். அதுக்கு மேல கேக்காதே."

மறுநாள் காலையில் அவசர ஆர்டர் நாலு வந்து உட்கார்ந்துகொண்டது. மத்தியானம்தான் ஓடினார். மொழிப் பாடப் பெட்டியில் தட்டு இல்லை. அடிவரை பார்த்தார், பக்கத்துப் பெட்டிகளைப் பார்த்தார், கடையையே புரட்டினார். இல்லை.

"இதுலேர்ந்து யாராவது ஏதாவது எடுத்தாங்களா?" என்று கடைக்காரரிடம் கேட்டார்.

"எடுத்தாங்க."

"யாரு?"

"வாங்கினவங்க யாருன்னு நான் சொல்றதில்லைன்னு உங்களுக்கே தெரியும். உங்களைப் பத்தி எத்தனை பேர் கேட்டிருப்பாங்க, சொல்லியிருக்கேனா?"

இதைக் கேட்டு என்ன செய்வது? யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வேறு யார், அந்த ராசிக் கைதான். வேனில் வரும்போது ஒன்றும் தெரியாதவர் மாதிரி லிஃப்ட் கதை அளந்ததெல்லாம் நடிப்பு! ஒளித்ததைப் பார்த்துவிட்டு, காலையில் கடை திறந்ததும் வந்து சுருட்டிக்கொண்டு போயிருக்கிறார். தான் அவர் பெட்டியிலிருந்து சுட்டது லென்ஸ்காரருக்கு அந்த நேரத்தில் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

அடுத்த எட்டு நாள் அவர் மனுஷனாக இல்லை. இரண்டு லென்ஸைத் தேய்த்துக் கெடுத்தார். ஒரு பாட்டிம்மாவின் கிட்டப்பார்வைக் கண்ணாடியைப் பள்ளி வாத்தியாருக்கு மாட்டி அனுப்பிவிட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். மனைவி "தட்டு என்னாச்சுங்க?" என்று கேட்கவேயில்லை. கேட்காததும் அவருக்கு நல்லதாகவே போயிற்று. சனிக்கிழமை சகலை போன் செய்தார்.

"சகலை, நாளைக்கு மத்தியானம் சாப்பிட வர்றோம். வரும்போது ஒரு தட்டு கொண்டுவர்றோம், பார்த்தா அசந்துபோயிடுவீங்க!"

லென்ஸ்காரருக்குக் காதிலிருந்து புகை வந்தது. தன் வீட்டிலேயே, தன் மனைவி எதிரிலேயே, தான் தேடிய தட்டைத் தன் பிளேயரில் போட்டு நோகடிக்கப் போகிறாரே! இருபத்தாறு வருஷத்து ஆசையை அந்த ஆள் ஒரு சிரிப்பில் வாரிக்கொண்டு போகப் போகிறார்.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனியும் சகலையும் வந்தார்கள். சகலை கையில் தட்டையாக ஒரு பை. லென்ஸ்காரர் கண் அதிலேயே இருந்தது. மைத்துனி பையைப் பிரித்து அக்காவிடம் நீட்டினாள். பீங்கான் தட்டு, ஓரத்தில் கொடி வேலைப்பாடு. "நாலு பேர் வந்தா வச்சுப் பரிமாற நல்லா இருக்கும்க்கா" என்றாள்.

"அசந்துட்டீங்களா இல்லையா?" என்றார் சகலை.

லென்ஸ்காரர் உண்மையிலேயே அசந்துபோனார். நிம்மதி வந்தது. ஆனால் பின்னாலேயே ஒரு கேள்வியும் வந்தது. இவர் எடுக்கவில்லை என்றால் யார்தான் எடுத்தது?

சாப்பாடு முடிந்ததும் சகலை காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "நான் குடுத்தேனே ஒரு பேண்டு வாத்தியம், அதை ஒரு தடவையாவது போட்டீங்களா சகலை? இன்னைக்குப் போடுங்க, கேப்போம்" என்றார்.

மறுக்க ஒரு சாக்கும் கிடைக்கவில்லை. லென்ஸ்காரர் குனிந்து அடித்தட்டிலிருந்து சுவரோரமாக இருந்ததை இழுத்தார். பெரிய உறைக்குள்ளிருந்து சின்னதாக ஏதோ வழுக்கி அவர் மடியில் விழுந்தது. நீல லேபிள்.

சமையலறை வாசலில் அவர் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. லென்ஸ்காரர் அவளைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். இந்த முறை கீறல் தேடவில்லை. பொடி எழுத்தைப் படித்தார். 'தனிக்குரல்: ஐந்தாம் வகுப்பு மாணவி' என்று இருந்தது.

லேபிளில் போட்டிருந்த ஆண்டில் அவர் மனைவி ஒன்பதாவது படித்தாள். ஐந்தாவது படித்தவள் எதிரே உட்கார்ந்து தன் புருஷனுக்கு வெற்றுக் கோப்பையில் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அப்போது அவர் நெஞ்சில் எழுந்ததை நல்ல எண்ணம் என்று சொல்லிப் பூசி மெழுக முடியாது. 'இதுவும் அவருக்கா?' என்பதுதான் எழுந்தது. பதினோரு வருஷத் தட்டு அவருக்கு, ராசிக் கை அவருக்கு, கடைசியில் அந்தக் குரலும் அவர் வீட்டிலா? ஒரு நாள்கூடத் தேடாத மனுஷனுக்கா?

"அது என்ன சகலை, குட்டித் தட்டு?"

"மொழிப் பாடம்" என்றார் லென்ஸ்காரர். "ஒண்ணுலேர்ந்து நூறு வரைக்கும் எண்ணச் சொல்லித் தருவான்." சொல்லிவிட்டு அதைத் தன் பனியனுக்கும் சட்டைக்கும் நடுவில் செருகிக்கொண்டார். பேண்டு வாத்தியம் முழங்கியது. சகலை தொடையில் தாளம் போட்டார், ஒரு தாளமும் சேரவில்லை.

அவர்கள் போனதும் மனைவி வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"நான்தான் எடுத்தேன். கடை திறக்கறப்பவே போயிட்டேன். நீங்க எங்க ஒளிப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

"ஏன் சொல்லலை? இருபத்தாறு வருஷம்!"

"அப்பா 'எங்க வீட்டுப் பொண்ணு'ன்னதும் நீங்க திரும்பி என்னைப் பார்த்தீங்களே, அதுக்கு முன்னாடி யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லைங்க. எல்லாரும் அவளைத்தான் பார்ப்பாங்க. பாட்டு அவளுக்கு, பரிசு அவளுக்கு. ஒரே ஒரு தடவை தப்பா எனக்கு வந்துச்சு. வேண்டாம்னு திருப்பிக் குடுக்க மனசு வரலை." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நீங்க அவரைப் பார்த்து எரியறீங்க. நான் பத்து வயசுப் பிள்ளையைப் பார்த்து எரிஞ்சவ. இன்னும் அணையலை."

லென்ஸ்காரர் எழுந்தார். சட்டைக்குள்ளிருந்து தட்டை எடுத்துப் பிளேயரில் வைத்தார். நாற்பது பெண்கள் பாடினார்கள். நிறுத்தினார்கள். அந்த இரண்டு வரி வந்தது. குரல் கொஞ்சமும் மாறவில்லை, அவருக்குத்தான் பழையபடி கரைய முடியவில்லை. மறுபடியும் நாற்பது பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

"இதுல நீ எங்கே இருக்கே?" என்று கேட்டார்.

"மூணாவது வரிசை, ஓரம்." அவள் தட்டு சுற்றுவதையே பார்த்தாள். "பாடலைங்க. எனக்குச் சுருதி சேரலைன்னு டீச்சர், 'நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும்'னுட்டாங்க."

அவர் இருபத்தாறு வருஷம் தேடிய தட்டில் அவள் குரல் இல்லவே இல்லை. லென்ஸ்காரர் ஊசியைத் தூக்கி மறுபடியும் முதலிலிருந்து வைத்தார். இரண்டு பேரும் இன்னொரு முறை கேட்டார்கள். முடிந்ததும் அவள்தான் சொன்னாள், "அவகிட்டயே குடுத்துடலாம். வீட்டுல இருந்தா நான் தினமும் எரிவேன்."

மறுநாள் சாயங்காலம் இருவருமே போனார்கள். லென்ஸ்காரர் வழக்கம்போல அந்தச் சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, தட்டை நீட்டினார். மைத்துனி லேபிளைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். சகலைக்கு விஷயம் புரியவே ஐந்து நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் அவர் கண் கலங்கிவிட்டது.

"இவ பாடுவான்னு எனக்குத் தெரியவே தெரியாது சகலை. எங்கே கிடைச்சுது?"

லென்ஸ்காரர் தொண்டையைச் செருமினார். "உங்க பெட்டியில. அன்னைக்கு நீங்க போன் பேசப் போனீங்களே, அப்போ உருவினேன். நீங்க நின்ன பெட்டி. சட்டப்படி உங்களுது."

சகலை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "எனக்குச் சட்டம் சொல்லிக் குடுத்தவரே நீங்கதானே?" என்றார். லென்ஸ்காரர் தரையைப் பார்த்தார். அவ்வளவோடு சகலை அதை விட்டுவிட்டு, "இதையும் ஃபிரேம் போட்டு மாட்டிடலாமா?" என்று கேட்டார். லென்ஸ்காரருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

தட்டு சுற்ற ஆரம்பித்தது. தன் இரண்டு வரி வந்து போனதும் மைத்துனி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாமா, அக்காவும் இதுல பாடியிருக்கா. மூணாவது வரிசையில ஓரமா நின்னா, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள்.

"தெரியும்" என்றார் லென்ஸ்காரர். "கேட்டேன். அவ குரல் தனியாத் தெரியுது."

அவர் மனைவி எழுந்தாள். காலிக் கோப்பைகளை அடுக்கி எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனாள். போகும்போது அந்தப் பாட்டை வாய்க்குள் முணுமுணுத்தாள். சுருதி துளிகூடச் சேரவில்லை. லென்ஸ்காரர் எழுந்து போய்ப் பிளேயரின் சத்தத்தைக் குறைத்தார்.